குதிரைக்குக் குளிர்கிறது என்று யார் சொன்னது?

முதுகில் விழுந்த பனி உருகாமல் கிடந்தால் அந்தக் குதிரை குளிரில் வாடுகிறது என்று பொருள் இல்லை. நேர் எதிர்ப்பொருள்தான் உண்டு. உடம்பின் சூடு வெளியே கசியவில்லை; அதனால்தான் மேலே விழுந்த பனி பனியாகவே இருக்கிறது. வெப்பக்காப்பு நன்றாகச் செய்த வீட்டின் கூரையில் பனி நாள்கணக்கில் கிடக்கும். பக்கத்துப் பழைய வீட்டின் கூரையில் காலையிலேயே உருகி வழிந்துவிடும். இரண்டில் எந்த வீட்டுக்காரர் எரிவாயுவுக்கு அதிகம் கட்டுகிறார் என்பது ஜெர்மனியில் ஒரு குளிர்காலத்தைக் கழித்த எவருக்கும் தெரியும். வீட்டுக்குப் போடத் தெரிந்த இந்தக் கணக்கைக் குதிரைக்குப் போட மட்டும் நமக்கு மனம் வருவதில்லை.

ஒவ்வோர் ஆண்டும் முதல் பனி விழுந்ததும் இது தொடங்கிவிடும். சாலையோர மேய்ச்சல் வெளியில் வெள்ளை முதுகோடு நிற்கும் குதிரைகளை யாராவது படம் எடுப்பார். படம் கைபேசிக்குக் கைபேசி தாவும். காவல் நிலையத்துக்கும் கால்நடை மருத்துவ அலுவலகத்துக்கும் தொலைபேசி அழைப்புகள் போகும். நான் வசிக்கும் மியூன்ஸ்டர் பக்கத்தில் இது புதிதல்ல. ஊரைச் சுற்றி எங்கு திரும்பினாலும் குதிரைகள் இருக்கிற பகுதி இது. இந்தக் குளிர்காலத்தில் புதிதாக நடந்தது, அந்தப் படம் எங்கள் தமிழ் வட்டத்துக்குள்ளும் வந்து ஒரு மனுவாக மாறியதுதான்.

எங்கள் பிள்ளைகள் சனிக்கிழமை தமிழ் படிக்கும் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு வெளி இருக்கிறது. ஏழு குதிரைகள். ஒரு பக்கம் திறந்த மரக்கொட்டகை ஒன்று. கொட்டகைக்குள் போவதும் வெளியே நிற்பதும் குதிரைகளின் விருப்பம். இதை இங்கே ஓஃபன்ஸ்டால் என்பார்கள். திறந்த லாயம் என்று சொல்லிக்கொள்ளலாம். நடத்துபவர் எழுபதைத் தாண்டிய ஒரு விவசாயப் பெண்மணி. குளிர்காலம் முழுக்கக் குதிரைகளை மூடிய லாயத்தில் அடைக்க அவருக்கு உத்தரவிட வேண்டும் என்பது மனுவின் கோரிக்கை. முப்பத்தெட்டுக் கையெழுத்து. மனுவைக் கொண்டுவந்தவர் எனக்குப் பத்து வயது மூத்தவர், நான் மதிக்கிறவர், ஊர் நெடுந்தீவு.

"வாயில்லாச் சீவன் தம்பி. பனிக்குள்ள விட்டிருக்கினம். நீரும் ஒரு கையெழுத்து வையும்" என்றார்.

"வைக்க மாட்டேன் அண்ணை" என்றேன்.

ஏன் என்று கேட்டார். வாசலில் நின்று சொல்லக்கூடிய பதில் இல்லை அது. இங்கே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் மகள் வாரம் இருமுறை அந்த வெளிக்குப் போய்ச் சாணம் அள்ளுகிறாள், குதிரை தேய்க்கிறாள். நான் நடுநிலையாளன் இல்லை. ஆனால் நான் சொல்லப்போவது எதற்கும் என் மகள் சாட்சி இல்லை.

நான் கணினித் துறை ஆலோசகன். "மெதுவாக இருக்கிறது" என்று வாடிக்கையாளர் சொன்னால், "எதை அளந்தீர்கள்?" என்று திருப்பிக் கேட்பதுதான் என் பிழைப்பு. மனுவில் கையெழுத்திட்டவர்களிடமும் அதையே கேட்கிறேன். குளிர்கிறது என்று எதை வைத்துச் சொன்னீர்கள்? தரிப்பிடத்திலிருந்து வகுப்பறைக்கு ஓடும் முப்பது நொடியில் உங்கள் காதில் பட்ட காற்றை வைத்துத்தானே? அளவுகோல் உங்கள் தோல். அந்தத் தோல் தஞ்சாவூரிலோ யாழ்ப்பாணத்திலோ செய்யப்பட்டது. குதிரையின் தோல் வேறோர் இடத்தில் செய்யப்பட்டது.

எந்த இடம் என்பதும் இப்போது தெரியும். இன்று உலகம் முழுவதும் உள்ள வளர்ப்புக் குதிரைகளின் மூதாதைகள் கருங்கடலுக்கு வடகிழக்கே, வோல்கா, தோன் ஆறுகளை ஒட்டிய புல்வெளியில் ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் வளர்ப்புக்கு வந்தவை என்று 2021இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு காட்டியது. மரமில்லாத வெளி, கோடையில் வெக்கை, குளிர்காலத்தில் உறைபனி. இன்னும் வடக்கே, சைபீரியாவின் யாகூட்டியாவில் வெப்பம் உறைநிலைக்கு ஐம்பது டிகிரி கீழே இறங்கும். அங்கேயும் குதிரைகள் ஆண்டு முழுவதும் வெளியில்தான். பனியைக் குளம்பால் கிளறிப் புல் தின்கின்றன. அந்தக் குதிரைகள் அங்கு போய்ச் சேர்ந்து சுமார் 800 ஆண்டுகளே ஆகின்றன. அதற்குள் அந்தக் குளிருக்கு ஏற்ப மாறிவிட்டன என்று 2015இல் வந்த ஆய்வு ஒன்று சொல்கிறது. மியூன்ஸ்டரின் சனவரி மாதம் அவற்றுக்கு வசந்தம்.

வெஸ்ட்ஃபாலியாவின் சவாரிக் குதிரை யாகூட்டியக் குதிரை இல்லைதான். ஆனால் உடம்பின் ஏற்பாடு ஒன்றே. கோடையின் உச்சம் கழிந்து பகல் குறையத் தொடங்கியதுமே, குளிர் வருவதற்கு முன்பே, குளிர்கால மயிர் முளைக்க ஆரம்பித்துவிடும். குளிர்ந்ததும் மயிர் சிலிர்த்து நின்று, இடையில் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அசையாமல் நிற்கும் காற்று நல்ல காப்பு; நாம் வாங்கும் விலை உயர்ந்த குளிர்ச்சட்டைகளின் ரகசியமும் அதுதான். இதன் மேல் கனமான போர்வையைப் போட்டால் மயிர் படிந்து, சும்மா கிடைத்த காப்பு போய்விடுகிறது. பிறகு போர்வைதான் கதி. சவாரிக்காக மயிரை மழித்த குதிரைக்குப் போர்வை வேண்டும். வேர்வையோடு நிற்கும் குதிரைக்கும் வேண்டும். மழிக்காத, ஆரோக்கியமான குதிரைக்குப் போடும் போர்வை பெரும்பாலும் குதிரைக்காரரின் மன நிம்மதிக்கு.

அடுத்தது அடுப்பு. குதிரையின் பெருங்குடலும் அதன் தலைப்பிலுள்ள பெரிய பையும் நார்ச்சத்தைப் புளிக்கவைக்கும் தொட்டிகள். காய்ந்த புல் அங்கே புளிக்கும்போது சூடு பிறக்கிறது. மாவு அரைத்து வைத்த பாத்திரத்தைக் காலையில் தொட்டுப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 600 கிலோ எடையுள்ள குதிரை நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ காய்ந்த புல் தின்னும், அவ்வளவும் விறகு. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் கடுங்குளிர் வந்தால் போர்வையைத் தேடுவதில்லை, புல்லைக் கூட்டிப் போடுகிறார்கள். நன்றாகத் தின்று, குளிருக்குப் பழகிய வளர்ந்த குதிரை, காற்றும் ஈரமும் இல்லாத நாளில் உறைநிலைக்குப் பத்துப் பதினைந்து டிகிரி கீழேயும் கூடுதலாகச் சிரமப்படாமல் நிற்கும். கட்டைக் குதிரைகள் இன்னும் கெட்டிக்காரத்தனமானவை. கடினமான குளிர்காலத்தில் ஷெட்லாந்துக் குதிரைகள் தம் சக்திச் செலவையே கோடையைவிடக் குறைத்துக்கொள்வதைக் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தார் அளந்து 2014இல் எழுதினார்கள்.

"இதெல்லாம் நீங்கள் சொல்வது. குதிரை சொல்லட்டும்" என்பீர்கள். சொல்லியிருக்கிறது. நார்வேயில் 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளை அடையாளம் காணப் பழக்கினார்கள். ஒன்றை மூக்கால் தொட்டால் போர்வை போடுவார்கள். இன்னொன்றைத் தொட்டால் போர்வையை எடுப்பார்கள். மூன்றாவது, உள்ளபடியே விடு. இரண்டு வாரத்துக்குள் எல்லாக் குதிரைகளும் கற்றுக்கொண்டன. ஆய்வு 2016இல் வெளியானது. நல்ல வானிலையில் குதிரைகள் போர்வை வேண்டாம் என்றன. மழையும் காற்றும் குளிரும் சேர்ந்த நாளில் பெரும்பாலானவை போர்வை கேட்டன. இதில் இரு தரப்புக்கும் பாடம் இருக்கிறது. குதிரைக்குக் குளிரே தெரியாது என்பவன் பொய்யன். வறண்ட பனிநாளில் நிற்கும் குதிரையைப் பார்த்து அழுகிறவன், ஐந்து டிகிரி மழையில் கூரையில்லாமல் நனையும் குதிரையைக் கடந்து காரில் போய்விடுகிறான். பனி படத்துக்கு அழகாக இருக்கிறது; மழை படத்தில் தெரிவதில்லை. மியூன்ஸ்டர் பக்கத்தில் பனி விழுவது சில நாட்கள். மழையும் சேறும் மாதக்கணக்கில்.

இனி மூடிய லாயத்துக்கு வருகிறேன். மனு அதைத்தானே அன்பின் இடமாகக் கேட்கிறது?

லாயம் குதிரைக்காகக் கட்டப்பட்டதல்ல. ஏர் பூட்டுகிறவனுக்கும் வண்டி ஓட்டுகிறவனுக்கும் படைத்தலைவனுக்கும் விடிந்ததும் குதிரை கையெட்டும் தூரத்தில், உலர்ந்த முதுகோடு வேண்டும். அதற்காகக் கட்டப்பட்டது. அது நியாயமான தேவையாக இருந்திருக்கலாம். ஆனால் மனிதனின் வசதிக்குக் கட்டியதை விலங்கின் வீடு என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டோம். வெதுவெதுப்பு மட்டுமே குதிரையின் நலம் என்றால், இந்த மாநிலத்தில் மிக நலமாக வாழ்ந்தவை ரூர் பகுதி நிலக்கரிச் சுரங்கங்களின் குதிரைகளாகத்தான் இருக்க வேண்டும். நிலத்தடியில் பனி இல்லை, மழை இல்லை. ஆழத்தில் எப்போதும் கதகதப்பு. லாயமும் அங்கேயே. ஆண்டுக்கணக்கில் வெளிச்சம் பார்க்காமல் வண்டி இழுத்தன. 1960கள் வரை இது நடந்தது. அவற்றுக்காக எந்தத் தாயும் "ஐயோ குளிருமே" என்று சொல்லியிருக்க முடியாது.

ஜெர்மனியில் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972லிருந்து இருக்கிறது. 2002இல் விலங்குகளின் பாதுகாப்பு அரசியல் சட்டத்திலும் ஏறியது. விலங்கை வைத்திருப்பவர் அதன் இனத்துக்கும் தேவைக்கும் ஏற்ப உணவும் பராமரிப்பும் இடமும் தர வேண்டும், இனத்துக்குரிய நடமாட்டத்தை வதையாகும் அளவுக்குக் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது சட்டம். கவனியுங்கள், வைத்திருப்பவரின் இனத்துக்கு ஏற்ப என்று எழுதவில்லை. கூட்டாட்சி அமைச்சகம் 2009இல் வெளியிட்ட குதிரை வளர்ப்பு வழிகாட்டி, சட்டமாக இல்லாவிட்டாலும், அலுவலகங்களும் நீதிமன்றங்களும் கையில் வைத்துப் பார்க்கும் நூல். இயற்கையை ஒட்டிய சூழலில் குதிரை மந்தையோடு நாளுக்குப் பதினாறு மணி நேரம் வரை நடமாடும் என்கிறது அது. தீனிக்கு நடுவே நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாதே என்கிறது. தனி அறை என்றால் குறைந்தது எவ்வளவு பரப்பு என்பதற்கு வாய்ப்பாடும் தருகிறது: தோள் உயரத்தின் இரு மடங்கு, அதன் வர்க்கம். ஒரு மீட்டர் அறுபது உயரமுள்ள குதிரைக்கு 10.24 சதுர மீட்டர். உங்கள் காரை நிறுத்தும் இடம் இதைவிடப் பெரியது.

மனு கேட்பது இந்தப் பத்துச் சதுர மீட்டரைத்தான். பதினாறு மணி நேரம் நடக்கும் விலங்குக்கு. நவம்பரிலிருந்து மார்ச் வரை. மாலையில் யாராவது அலுவலகம் முடிந்து வந்து ஒரு மணி நேரம் சவாரி செய்தால் உண்டு. மற்ற இருபத்து மூன்று மணி நேரமும் சுவர். குளிர் என்று கதவு சன்னலைச் சாத்திவிட்டால் மூத்திரத்தின் அமோனியாவும் வைக்கோல் தூசியும் பூஞ்சையும் உள்ளேயே சுழலும். குதிரைக்கு வரும் நாள்பட்ட இருமலுக்கு முதல் காரணம் இந்தக் காற்று. வெளியே அடிக்கும் குளிர்காற்று அல்ல. நுரையீரல் கெட்ட குதிரைக்கு மருத்துவர் எழுதித் தரும் முதல் மருந்தே "வெளியில் விடுங்கள்" என்பதுதான்.

அடைபட்ட குதிரைகள் சில, தலையை இடமும் வலமுமாக ஓயாமல் ஆட்டும். சில, மரவிளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு காற்றை விழுங்கும். நமக்கு இது தெரியாத காட்சியா? கோயில் வாசலில் காலில் சங்கிலியோடு நிற்கும் யானை அசைந்துகொண்டே இருக்கும். "பார், யானை ஆடுது" என்று பிள்ளைக்குக் காட்டி, ஒரு நாணயம் கொடுத்து ஆசி வாங்குவோம். அது ஆட்டமல்ல, நோய். நிழலும் கவளமும் குளியலும் பட்டமும் கொடுத்துவிட்டு நடையைப் பறித்துக்கொண்டதன் கூலி. அன்பில் குறைவில்லை. அறிவில்தான் குறை.

குதிரை விஷயத்திலும் நமக்குப் பழைய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. தமிழ்நாட்டுக்குக் குதிரை கடல்வழி வந்த பண்டம். பட்டினப்பாலை காலத்திலேயே காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பலிலிருந்து இறங்கியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டியர்கள் பாரசீக வளைகுடாவிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். கிஷ் தீவு வணிகர் ஒருவர் மட்டும் ஆண்டுக்கு 1,400 குதிரை அனுப்ப உடன்பாடு, ஒன்றின் விலை 220 பொன் தினார், வழியில் செத்தாலும் பணம் உண்டு என்று பாரசீக வரலாற்றாளர் வஸ்ஸாஃப் எழுதிவைத்திருக்கிறார். வந்த குதிரைகளை என்ன செய்தார்கள்? முளையடித்து, கயிற்றால் கட்டி, கொழுக்கட்டும் என்று நாற்பது நாள் லாயத்தில் நிறுத்தினார்கள். நெய்யில் சமைத்த தானியம், காய்ச்சிய பசும்பால். பிறகு பழக்காமலே ஏறி விரட்டினார்கள். அதே காலத்தில் வந்துபோன மார்கோ போலோவும் இங்கே குதிரைக்குச் சோறும் இறைச்சியும் வேகவைத்துக் கொடுப்பதையும், பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப்போவதையும் எழுதினார். வெயிலும் ஒரு காரணம்தான். ஆனால் அந்த நெய்யையும் பாலையும் நினைத்துப் பாருங்கள். யாரும் கொடுமை செய்யவில்லை. வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதைக் கொடுத்தார்கள். குதிரை, வீட்டுப் பிள்ளை இல்லை.

எழுநூறு ஆண்டு கழித்து, நெய்க்குப் பதில் போர்வை; முளைக்குப் பதில் பத்துச் சதுர மீட்டர்.

மாற்றுக் கட்சியின் வலுவான வாதத்தை விட்டுவிட்டுப் போக மாட்டேன். வெளியில் விட்டுவிட்டு, "இது தாங்குகிற இனம்" என்று சொல்லிப் புல்லும் தண்ணீரும் வைக்காமல் காசு மிச்சம் பிடிக்கும் ஆட்கள் இந்த நாட்டில் உண்டு. முட்டளவு சேற்றில், ஒதுங்கக் கூரையின்றி, குளம்பு அழுகி நிற்கும் குதிரைகளை நானே பார்த்திருக்கிறேன். கிழடு, நோயாளி, மெலிந்தது, புதிதாகத் தெற்கிலிருந்து வந்தது, இவற்றை மற்றவற்றோடு சேர்த்து அப்படியே விட முடியாது. வெளியில் வைப்பது சும்மா வைப்பது அல்ல; மூடிய லாயத்தைவிட வேலை அதிகம். அந்தப் பெண்மணி விடிகாலை ஐந்தரைக்குத் தண்ணீர்த் தொட்டியின் பனிக்கட்டியை உடைக்கிறார். ஒரு குதிரை நாளுக்கு முப்பது, நாற்பது லிட்டர் குடிக்கும். பனியைத் தின்று அந்தத் தாகம் தீராது. தண்ணீர் குறைந்தால் குடலில் புல் இறுகி வயிற்றுவலி வரும். குதிரைக்கு வயிற்றுவலி என்றால் உயிர் ஊசலாடுகிறது என்று பொருள்.

ஆகவே கேள்வி உள்ளேயா வெளியேயா என்பதல்ல. பொறுப்பு இருக்கிறதா என்பது. இதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் காரில் போய்விடலாம். டியூல்மன் நகருக்கு மேற்கே மெர்ஃபெல்டர் புரூக் என்ற சதுப்பும் காடும் கலந்த வெளியில் ஏறத்தாழ 350 ஹெக்டேரில் சுமார் 400 குதிரைகள் வாழ்கின்றன. அவற்றைப் பற்றிய முதல் ஆவணக் குறிப்பு 1316ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குரோய் பிரபு குடும்பத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. லாயம் கிடையாது, போர்வை கிடையாது. கடுங்குளிர் வந்தால் காய்ந்த புல் போடுவார்கள். ஆண்டுக்கு ஒரு முறை, மே மாதக் கடைசிச் சனிக்கிழமை, ஒரு வயது ஆண் குட்டிகளைப் பிடித்துப் பிரிப்பார்கள். ஆயிரக்கணக்கானோர் சீட்டு வாங்கிப் பார்ப்பார்கள். நம்மில் பலர் பிள்ளைகளோடு போய்ப் படம் எடுத்து வந்திருக்கிறோம். அங்கே அது இயற்கை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வந்தால் சித்திரவதை. இது எந்த நியாயம்?

இரண்டாவது சாட்சி, மனுவைக் கொண்டுவந்த அண்ணையின் சொந்த ஊர். நெடுந்தீவின் தெற்கு வெளிகளில் ஐரோப்பியர் காலத்தில் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இன்றும் கட்டற்றுத் திரிகின்றன. அந்தக் காலத்துக் குதிரை லாயத்தின் தூண்கள் இடிந்து நிற்கின்றன, குதிரைகள் இருக்கின்றன. வெயிலிலும் மாரியிலும் கூரையில்லாமல் தலைமுறைகளைக் கடந்தவை அவை. அவற்றில் எத்தனையோ செத்ததும் உண்டு. கூரை இல்லாமல் அல்ல, வறட்சியில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல். "தண்ணிதான் அண்ணை, கூரையில்ல" என்று அவரிடமே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. மனுவையும் திரும்பப் பெறவில்லை.

மனு வென்றால் என்ன நடக்கும் என்று கையெழுத்திட்டவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். அந்தப் பெண்மணியிடம் ஏழு தனி அறைகள் கட்டப் பணமும் இல்லை, வயதும் இல்லை. போன குளிர்காலத்தில் மட்டும் புகாரின் பேரில் அலுவலகத்தார் இருமுறை வந்து பார்த்து, குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு புகாருக்கும் அவர் அரை நாள் நின்று விளக்க வேண்டும். இன்னொரு முறை வந்தால் மூடிவிடுகிறேன் என்கிறார். மூடினால் நான்கு குதிரைகளுக்கு எங்காவது வாடகை அறை கிடைக்கும். பன்னிரண்டு ஆண்டுகள் சேர்ந்து நின்ற மந்தை பிரியும். மீதி மூன்றும் வயதானவை, சவாரிக்கு உதவாதவை. அவற்றை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவை எங்கே போகும் என்று என் மகள் கேட்டாள். ஜெர்மனியில் குதிரை இறைச்சிக் கடையும் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். நம் முப்பத்தெட்டுக் கையெழுத்தின் கடைசி வரி இதுதான்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், மழையில் பிள்ளைகளை வெளியே விளையாட விடும் கிண்டர்கார்டன் ஆசிரியைகளோடு சண்டை பிடிக்காத தமிழ்ப் பெற்றோர் குறைவு. மோசமான வானிலை என்று ஒன்றில்லை, பொருந்தாத உடைதான் உண்டு என்பது அவர்கள் பழமொழி. இன்று அதே பெற்றோர் மழைக்கால்சட்டையும் ரப்பர் பூட்சும் வாங்கிக் கொடுத்து அனுப்புகிறார்கள். பிள்ளைகள் சளி பிடித்துச் சாகவில்லை. அந்த மாற்றம் எப்படி வந்தது? பார்த்து வந்தது, கேட்டு வந்தது. குதிரைக்கு உடையைக்கூட நாம் வாங்க வேண்டியதில்லை, உடுத்திக்கொண்டே நிற்கிறது. நம்மிடம் கேட்பது கொஞ்சம் பார்வை.

ஆகவே அடுத்த முறை படம் எடுப்பதற்கு முன் வேலியருகே ஐந்து நிமிடம் நில்லுங்கள். குதிரை நடுங்குகிறதா? வாலை இடுக்கி, முதுகைக் கூனி நிற்கிறதா? மயிரின் மேல்நுனி மட்டும் நனைந்திருக்கிறதா, தோல் வரை ஊறியிருக்கிறதா? எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் ஒதுங்கக் காற்றுமறைவான கூரையும் படுக்க உலர்ந்த இடமும் உண்டா, அல்லது வலுத்தது உள்ளே நின்று மெலிந்ததை விரட்டுகிறதா? தொட்டியில் இருப்பது தண்ணீரா, பனிக்கட்டியா? தின்ன ஏதாவது கிடக்கிறதா? குளிர்கால மயிர் ஏமாற்றும். விலா எலும்பைக் கையால் தடவித்தான் அறிய முடியும். அதற்கு உரிமையாளரிடம் கேளுங்கள். பேச விரும்பாதவர் ஆயிரத்தில் ஒருவர். குதிரைக்காரர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதுதான் கஷ்டம்.

இவற்றில் தவறு கண்டால் புகார் கொடுங்கள். முதல் கையெழுத்து என்னுடையது. அதே கையோடு, பக்கத்து மூடிய லாயத்துக்கும் ஒரு நாள் போய்ப் பாருங்கள். ஐந்து மாதம் பத்துச் சதுர மீட்டரில் நின்று தலையாட்டும் குதிரைக்காகவும் ஒரு மனு எழுதுங்கள். அங்கே பனி விழாது. படம் எடுத்தால் வெதுவெதுப்பாக, சுத்தமாக, அன்பாகத் தெரியும். அதனால்தான் இதுவரை ஒருவரும் எழுதவில்லை.